கார் ஷெட்டில் குடியிருந்த வீட்டுக்காரி

வில்மா ரீபுக்குப் பார்லோ பாயிண்டில் கடலைப் பார்த்த மாடி வீடு இருந்தது. மாடி முன்னறையின் பால்கனியில் நின்றால் கீழே கடலோரப் பலகைப் பாதை, அதற்கு அந்தப் பக்கம் மணல், அதற்கும் அந்தப் பக்கம் அட்லாண்டிக் கடல். அந்த வீட்டைப் படம் பிடித்து அஞ்சலட்டையாகவே விற்றார்கள். ஆனால் கோடையில் வீட்டுக்காரியைப் பார்க்க வேண்டுமென்றால் முன்வாசலுக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. பின்பக்கச் சந்துக்கு வந்து கார் ஷெட் கதவைத் தட்ட வேண்டும். ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு மேசை விசிறி, ஆணியில் தொங்கும் பழைய சைக்கிள். அவ்வளவுதான் அவள் குடித்தனம்.

யாரும் அவளைத் துரத்தவில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். மே மாதம் முடிகிறபோது வீட்டைப் பெருக்கித் துடைத்து, பிலடெல்பியாவிலிருந்து வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் ஷெட்டிலும் பரணிலும் புகுந்துகொள்வோம். செப்டம்பரில் அவர்கள் கிளம்பிப் போனதும் மெதுவாக வெளியே வருவோம். ஊர் முழுக்க விடுமுறை கொண்டாடும், ஊர்க்காரர்களைத் தவிர. நான் மார்ஜ். சந்து முனையில் மிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகையில் 'கடல்நீர் மிட்டாய்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதில் ஒரு சொட்டுக் கடல்நீர் கிடையாது. வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும், இருந்தாலும் வரிசையில் நின்று வாங்குவார்கள். எனக்கென்ன போச்சு?

வில்மாவும் அவள் கணவர் வால்டரும் அந்த வீட்டை வாங்கியதே அந்த முன்னறைக்காகத்தான். வால்டர் தபால்காரர். கல்யாணமான புதிதில் கடிதம் கொடுக்கப் போன இடத்தில் அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்து, "கட்டில்ல படுத்தபடியே கடலைப் பார்க்கலாம் வில்மா" என்றாராம். கடன் வாங்கி வீட்டையும் வாங்கியாயிற்று. முதல் கோடை வந்தது. "இந்த ஒரு கோடை மட்டும் ஷெட்டுல இருப்போம், கடன் கொஞ்சம் குறையட்டும்" என்றார். கடன் அடைந்தது. அப்புறம் கூரை ஒழுகியது. அப்புறம் மகள் ஜூடித்தின் படிப்பு, அதற்கப்புறம் அவள் கல்யாணம். எல்லாம் முடிந்து சொல்வதற்குக் காரணமே இல்லாமல் போன பிறகு, அதைப் பற்றிப் பேசுவதையே இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

குளிர்காலத்தில் வீடு அவர்களுடையதுதானே என்று கேட்பீர்கள். வீடு அவர்களுடையதுதான், ஆனால் முன்னறை இல்லை. ஜனவரியில் கடற்காற்று அந்த அறைக்குள் புகுந்தால் டம்ளரில் இருக்கிற தண்ணீர் உறைந்துபோகும். அதனால் விருந்தாளிகள் போன கையோடு முன்பக்கம் முழுவதையும் மே வரைக்கும் பூட்டிவிட்டு, குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, இருவரும் சமையலறையை ஒட்டிய அறையில் ஒண்டிக்கொள்வார்கள். ஆகமொத்தம், வாழ்நாளெல்லாம் வீட்டுக்குச் சொந்தக்காரியாக இருந்த வில்மா அந்த முன்னறைக் கட்டிலில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. விரிப்பு மாற்றியிருக்கிறாள், மெத்தையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், அடியில் கிடந்த சோழியையும் சாக்ஸையும் பொறுக்கியிருக்கிறாள். படுத்தது மட்டும் இல்லை.

வாரம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்யும், இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் வரும். போகிறவர்கள் படியில் நின்று சாவியைக் கொடுக்கும்போது, "அடுத்த வருஷமும் இதே வாரம்" என்று சொன்னால் போதும். அந்த வாரம் அவர்களுடையது. எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அப்பா செத்தால் மகனுக்குப் போகும். இங்கே வருகிறவர்களில் மதம் மாறியவர்கள் உண்டு, மனைவியை மாற்றியவர்கள் உண்டு, வாரம் மாறியவர்கள் கிடையாது. நீல வீட்டில் தங்குகிற ஒரு தம்பதி விவாகரத்து செய்தபோது பிள்ளைகளைப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள். ஜூலை மூன்றாவது வாரத்துக்குத்தான் வக்கீல் வைத்தார்கள்.

வில்மாவின் வீட்டில் ஆகஸ்ட் இரண்டாவது வாரம் மெக்கார்டில் குடும்பத்துடையது. நல்ல வாரம் அது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஜெல்லி மீன் தொல்லையும் வந்திருக்காது. முதலில் கிழவர் மெக்கார்டில் வந்துகொண்டிருந்தார். இப்போது மகன் ஃபிராங்க், பஸ் டிப்போவில் மேற்பார்வையாளன், அவன் மனைவி நோரீன், பிள்ளைகள், மருமக்கள், பேத்தி என்று மொத்தம் எட்டுப் பேர். ஃபிராங்க் நாலு வயதுப் பையனாக வந்தபோது எவ்வளவு உயரம் இருந்தான் என்று சமையலறை நிலைக்கட்டையில் பென்சில் கோடு இருக்கிறது. வில்மாவின் மகள் ஜூடித்தின் உயரம் அதில் கிடையாது. அவள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் கோடு போடப் போனவளை வால்டர்தான் அதட்டினார். "வாடகைக்கு விடற வீட்டுல கிறுக்காதே" என்றார்.

ஒருமுறை வில்மா கிழிந்துபோன சாய்வு நாற்காலி ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டாள். ஃபிராங்க் வந்து பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் ஷெட்டுக்கு வந்தான்.

"மிஸஸ் ரீப், அது எங்கப்பா உட்கார்ந்த நாற்காலி. எங்களை ஒரு வார்த்தை கேட்காம எப்படித் தூக்கிப் போடலாம்?"

வில்மா மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? பழைய சாமான் கடைகளில் அலைந்து திரிந்து அதே மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டாள். நான் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பாவம், அவங்கப்பா உட்கார்ந்ததாம்" என்றாள். உன் புருஷன் எங்கே உட்கார்ந்தான் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

ஏனென்றால் வால்டர் கடைசியாக உட்கார்ந்த இடம் எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன்னால், மெக்கார்டில் குடும்பம் வரவேண்டிய சனிக்கிழமை. முன்னறைக்கு விரிப்பு மாற்றிவிட்டு, அழுக்குத் துணி மூட்டையோடு இறங்கி வந்தவர், வெளிக்குளியலறைப் படியில் 'கொஞ்சம் உட்கார்றேன்' என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது சந்தில் மெக்கார்டில்களின் கார்கள் சாமான் இறக்கிக்கொண்டு நின்றன. குறை சொல்லக் கூடாது, ஃபிராங்க் ஓடிப்போய்க் காரை நகர்த்தினான். நோரீன் வில்மாவைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெட்ஷீட் எல்லாம் மாத்தியாச்சா மிஸஸ் ரீப், இல்ல நாங்களே மாத்திக்கட்டுமா?" என்று கேட்டாள். வில்மா அதை இன்றுவரை நோரீனின் நல்ல மனசுக்கு அடையாளமாகத்தான் சொல்வாள். "நாங்களே மாத்திக்கறோம்னு சொன்னாளே மார்ஜ், யார் சொல்லுவா?"

போன வசந்தத்தில் ஒருநாள் அவள் கடைக்கு வந்து கல்லாப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முழங்கால் போய்விட்டது. அரிசோனாவில் இருக்கிற ஜூடித், இலையுதிர் காலத்தில் வீட்டை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போவதாக முடிவு செய்திருந்தாள். வாங்குகிறவன் வீட்டை இடித்துவிட்டு இரட்டை வீடு கட்டுவான். இதையெல்லாம் வில்மா யாருக்கோ நடப்பதுபோல் சொன்னாள்.

"அங்க கடல் கிடையாது, மணல் மட்டும் நிறைய இருக்குமாம்" என்றாள். மிட்டாய் இழுக்கிற இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். "மார்ஜ், சொன்னா சிரிக்காதே. போறதுக்கு முன்னாடி அந்த முன்னறையில ஒரு வாரம் படுக்கணும்."

"படு. உன் வீடுதானே."

"எந்த வாரம்?"

இப்படி ஒரு சிக்கல் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். ஜூன் கடைசி, ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. அவர் மனைவிக்கு இதய நோய். ஜூலை முதல் வாரம் கோவால்ஸ்கிகளுடையது. அவர்கள் அம்மாவின் சாம்பலை இங்கேதான் கடலில் கரைத்தார்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு வியாதி காவல் இருந்தது. சொந்த வீட்டுக்காரிக்கு நுழைய இடுக்கு இல்லை.

"மெக்கார்டில் வாரத்தை எடு" என்றேன். "வால்டர் செத்துப்போன வாரம் அதுதானே? உனக்கில்லாத உரிமையா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. கடை போனிலிருந்தே ஃபிராங்குக்குப் போன் போட வைத்தேன். 'இந்த வருஷம் நான் இருக்கப் போறேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். அவன் குரல் கேட்டதும் எல்லாம் பறந்துவிட்டது.

"ஃபிராங்க், இந்த வருஷம் உங்க வாரத்துக்கு வேற ஒருத்தங்க கேட்டிருக்காங்க."

"யாரு?" என்றான். எனக்கே கேட்டது.

"ஒரு விதவையம்மா."

"எத்தனை பேரு வராங்க?"

"அவங்க மட்டும்தான்."

"அஞ்சு படுக்கையறை வீட்டுல ஒருத்தியா?"

"வயசானவங்க ஃபிராங்க். கடைசியா ஒரு தடவை கடலைப் பார்க்கணுமாம்."

"ஜூன் மாசமும் இதே கடல்தானே மிஸஸ் ரீப் இருக்கு?" என்றான் ஃபிராங்க்.

ஒருவழியாக அவனை ஒத்துக்கொள்ள வைத்து, அவள் போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டி, உன் வீட்டுல நீ இருக்கறதுக்கு எதுக்குடி ஒரு பொய்?" என்றேன்.

"நான்தான்னு சொன்னா அவனுக்குப் புரியாது மார்ஜ்" என்றாள். அன்றைக்கு அவள் சொன்னது அசட்டுத்தனமாகப் பட்டது. ஆகஸ்டில்தான் தெரிந்தது, எங்களில் அசடு நான் என்று.

அந்தச் சனிக்கிழமை, முந்தின குடும்பம் பத்து மணிக்குப் போனது. வில்மா உள்ளே போய் வழக்கம்போல் பெருக்கினாள், துடைத்தாள், குளியலறைக் கண்ணாடியைத் தேய்த்தாள். பிறகு வெளியே வந்து பூட்டிவிட்டு ஷெட்டில் உட்கார்ந்துகொண்டாள். "உள்ளயே இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். "ரெண்டு மணிக்குத்தானே வரலாம்" என்றாள். இரண்டு மணிக்கு வெள்ளைக் காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் பெட்டியோடு, சந்து வழியாகப் போகாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் முன்வாசல் படியேறினாள். வீட்டு விரிப்பு இருந்தாலும் சில விருந்தாளிகள் தங்கள் விரிப்பையும் கொண்டுவருவார்கள், அவளும் கொண்டுபோனாள். என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் காபிக் கோப்பையோடு அவள் உட்கார்ந்திருந்தபோது, பலகைப் பாதை பெஞ்சில் மெக்கார்டில்கள் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாரத்தை விட முடியுமா? இரண்டு தெரு தள்ளி மோட்டலில் அறை எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டில் குடியேறிய விதவை எப்படிப்பட்டவள் என்று பார்க்க வந்திருந்தார்கள். முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் வீட்டின் மேல்.

ஃபிராங்க் எழுந்து கைகாட்டினான். "மிஸஸ் ரீப், ஞாயித்துக்கிழமைகூடவா உங்களைக் கூப்பிட்டுப் பெருக்கச் சொல்றா?"

நான் கடைக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தேன். "இப்பத்தான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்னு போனாங்க" என்றாள் வில்மா. சொல்லிவிட்டு, என்ன செய்தாள் தெரியுமா? கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துப் பால்கனியைப் பெருக்க ஆரம்பித்தாள். நான் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. காலையில் மெக்கார்டில்கள் பெஞ்சுக்கு வருவார்கள், நோரீன் படிவரை வந்து விசாரிப்பாள்.

"இன்னிக்கும் போயிட்டாளா? எங்கதான் போறா அவ?"

"சர்ச்சுக்குப் போயிருக்காங்க."

"பொல்லாதவளா?"

"கொஞ்சம் அழுத்தக்காரி" என்றாள் வில்மா.

"நாற்காலியை எல்லாம் அப்படியே வச்சிருக்காளா? இடம் மாத்திட்டாளா?"

"ஜன்னல் பக்கமா திருப்பிப் போட்டிருக்காங்க. கேட்டா, எனக்கு இப்படித்தான் பிடிக்கும்கறாங்க."

நோரீன் மார்பில் கையை வைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த எனக்கு ஒன்று தெரிந்தது: வில்மா இதை ரசிக்க ஆரம்பித்திருந்தாள். நாளுக்கு நாள் அந்த விதவையின் வாய் நீண்டுகொண்டே போனது. விதவைக்கு மீன் வறுக்கிற வாசனை ஆகாது. விதவை யாருக்கும் மன்னிப்புக் கேட்கிறவள் இல்லை. வெளிக்குளியலறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பாள். வில்மா வாழ்நாளில் செய்யாததை எல்லாம் அந்தம்மாள் செய்தாள்.

புதன்கிழமை மழை தூறியது. ஃபிராங்க் படியில் நின்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அவ இல்லாத நேரத்துல ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள வந்து பார்த்துட்டுப் போறோம் மிஸஸ் ரீப். பேத்தி ஏங்கிப் போயிட்டா" என்றான். வில்மாவால் முடியாது என்று சொல்ல முடியுமா? எட்டுப் பேரும் உள்ளே போனார்கள்.

சாயங்காலம் நான் ஒரு பெட்டி மிட்டாயோடு போனபோது அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் முடியவில்லை. ஃபிராங்க் அப்பாவின் நாற்காலியை ஜன்னலிலிருந்து பழைய இடத்துக்குத் திருப்பிப் போட்டு அதில் சாய்ந்திருந்தான். மருமகன்கள் சீட்டாடினார்கள். நிலைக்கட்டையில் பேத்தியின் புதுக்கோடு பளிச்சென்று இருந்தது. தரையெல்லாம் மணல். வில்மா சமையலறைத் தொட்டியில் அவர்கள் குடித்த காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாரத்தில், அவளுடைய வீட்டில்.

எனக்கு வந்த கோபத்தில் மிட்டாய்ப் பெட்டியை மேசையில் டமாரென்று வைத்தேன். வாயைத் திறக்கப் போன நேரத்தில் மாடியிலிருந்து நோரீன் இறங்கி வந்தாள். முன்னறையைப் பார்க்கப் போயிருந்தாளாம். கையில் ஒரு போட்டோ. தபால்காரத் தொப்பியோடு வால்டர் சிரிக்கிற போட்டோ.

"மிஸஸ் ரீப்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இது அவ தலைமாட்டுல இருந்தது."

வில்மா ஈரக்கையோடு திரும்பினாள். சீட்டாட்டம் நின்றது.

"உங்க வீட்டுக்காரர் படத்தை அவ எதுக்குத் தலைமாட்டுல வச்சுக்கணும்?"

நோரீன் பக்கத்தில் வந்து வில்மாவின் தோளைத் தொட்டாள். "நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த அறைதான் வேணும், அந்த வாரம்தான் வேணும்னு அவ கேட்டிருக்கா. வால்டர் போன வாரம். அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ இருந்திருக்கு."

ஃபிராங்க் மெல்ல விசில் அடித்தான். "வால்டரா? ரொம்பச் சாதுவா இருப்பாரே மனுஷன்."

"வீடு வீடாத் தபால் குடுக்கப் போனவர்தானே" என்றாள் நோரீன், வருத்தத்தோடு.

இதைத்தான் நான் பல பேரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறேன். எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் காலேஜ் படித்தவர்கள். ஒரு வீட்டின் முன்னறையில் வீட்டுக்காரரின் படம் இருக்கிறது. அந்த நல்ல மனுஷனுக்குக் கள்ளக் காதலி இருந்தாள் என்பது அவர்களுக்கு உடனே தோன்றிவிட்டது. அங்கே படுத்திருப்பது அவர் பெண்டாட்டியாக இருக்கலாம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

வில்மா போட்டோவை வாங்கினாள். மேலங்கி நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"அந்தம்மா நான்தான்" என்றாள்.

"எந்தம்மா?" என்றான் ஃபிராங்க்.

"விதவை. நான்தான் இங்க இருக்கேன். சனிக்கிழமையிலேர்ந்து."

ஃபிராங்க் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. சத்தியமாகப் புரியாமல்தான் கேட்டான்.

"நீங்களா? எதுக்கு? உங்களுக்குத்தான் ஷெட் இருக்கே?"

வில்மா என்னைப் பார்த்தாள். 'நான் சொல்லலை?' என்பது போல ஒரு பார்வை. பிறகு ஃபிராங்க் பக்கம் திரும்பினாள்.

"ஃபிராங்க், நீ நாலு வயசுல இந்த வீட்டுக்கு வந்தே. அப்பவே உனக்குச் சொல்லியிருக்கேன், மணல் காலோட உள்ள வராதேன்னு. எழுந்திரு. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடு. போட்டுட்டு எல்லாரையும் கூட்டிட்டுக் கிளம்பு. சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் இது என் வாரம்."

குரலை உயர்த்தவே இல்லை. ஃபிராங்க் நாற்காலியைத் திருப்பிப் போட்டான். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நோரீன் மட்டும் வாசலில் நின்று, "வால்டரைப் பத்தி நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். "அவரு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு, போ" என்றாள் வில்மா.

மறுநாள் காலையில் பார்த்தால் அவள் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று நினைத்துப் பதறிப் போனேன்.

"அழவா? தூக்கமே இல்ல மார்ஜ். சனிக்கிழமையிலேர்ந்து கண்ணை மூடலை. பலகைப் பாதையில அந்தக் குடைராட்டினப் பாட்டு இருக்கே, நடு ராத்திரி வரைக்கும் அதே பாட்டு. அது நின்னா பலகைமேல தடதடன்னு ஓடறானுங்க. எல்லாரும் போகும்போது என்ன சொல்லுவாங்க? அலைச்சத்தத்துல அப்படியே தூங்கிடறோம் மிஸஸ் ரீப்னு சொல்லுவாங்க. ஒரு அலை கேட்கலை எனக்கு. ஷெட்டுலதான் கடல் நல்லாக் கேட்கும். வீடு குறுக்க நின்னு ராட்டினத்தை மறைச்சிடுது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப ஷெட்டுக்கே திரும்பிப் போயேன்."

"எதுக்குப் போகணும்?" என்றாள். "என் வீட்டுல முழிச்சுக்கிட்டுக் கிடக்கறேன். விடியும்போது கட்டில்ல படுத்தபடியே கடல் தெரியுது. அவரு பொய் சொல்லலை."

சனிக்கிழமை வந்தது. விரிப்பை உருவி மடித்து, குப்பையைக் கட்டி வெளியே வைத்து, பெருக்கித் துடைத்துவிட்டு, சரியாகப் பத்து மணிக்கு வில்மா பெட்டியோடு முன்படிக்கு வந்தாள். அவளுக்கு யார் கெடு வைத்தார்கள்? இரண்டு மணிக்கு அடுத்த குடும்பம் வரும், அதற்குமுன் அவளேதான் இன்னொரு முறை பெருக்கப் போகிறாள். இருந்தாலும் பத்து என்றால் பத்துதான்.

படியில் ஃபிராங்க் நின்றிருந்தான். ஊருக்குக் கிளம்புகிற கார் தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்தது. வீடு விலைக்குப் போகிற கதை அவனுக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"மிஸஸ் ரீப், நடந்ததை மறந்துடுங்க. அடுத்த வருஷம்..."

"இரு ஃபிராங்க்" என்றாள் அவள். வீட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "அடுத்த வருஷமும் இதே வாரம்" என்றாள்.

சாவியோடு படியில் நின்று சொன்ன வார்த்தை. அதற்கு மேல் எங்கள் ஊரில் பேச்சு கிடையாது, அவனுக்கும் அது தெரியும், அவன் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஃபிராங்க் தரையைப் பார்த்தான். கார்ப் பக்கம் பார்த்தான். பிறகு தலையைச் சாய்த்து வீட்டின் பக்கவாட்டு வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"அப்ப அந்த வாரம் ஷெட் காலியாத்தானே இருக்கும்?" என்றான்.

பெட்டியைக்கூட வைக்காமல் வில்மா நேரே என் கடைக்கு வந்து ஜூடித்துக்குப் போன் போட்டாள். நான் மிட்டாய் மடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"வீட்டை விக்க முடியாது ஜூடித். அடுத்த வருஷத்துக்கு வாரம் குடுத்தாச்சு... ஒரு விதவைக்கு... இல்லம்மா, கான்சல் எல்லாம் பண்ண முடியாது. அவ ரொம்ப அழுத்தக்காரி. ஒத்துக்கவே மாட்டா."

போனை வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, ஷெட்டில் எட்டுப் பேருக்கு எங்கே கட்டில் போடுவது என்று என்னிடம் கேட்டாள்.